கடாரம் வந்த கப்பலைச் செய்து பார்ப்போமா?

பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவர்கள் கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் போகாமல் திரும்புவது அபூர்வம். நீங்களும் போயிருப்பீர்கள். பிள்ளைகளுக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, கடலோரச் சுவரில் சற்று நேரம் உட்கார்ந்து காற்று வாங்கியிருப்பீர்கள். கோட்டையின் மூலையில் நிற்கும் கலங்கரை விளக்கத்தைக் கவனித்ததுண்டா? 1882-இல் எழுப்பப்பட்ட அந்த இரும்புத் தூண், பார்ப்பதற்கு ஒரு கப்பலின் பாய்மரம் போலவே இருக்கும். கோட்டையே ஒரு கப்பலாகிக் கடலைப் பார்த்துக் கிளம்பி நிற்பதுபோல் எனக்குத் தோன்றும்.

அங்கிருந்து வடக்கே பாருங்கள். வானம் தெளிந்த நாளென்றால், அக்கரையில் நீல நிறத்தில் ஒரு மலை தெரியும். அதுதான் கெடாவின் குனோங் ஜெராய். அதன் அடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில்தான் பழைய கோயில்களின் கல் அடித்தளங்கள் கிடைத்தன. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த நாடு அது. சுமார் 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்து வென்றதாகக் கல்வெட்டுகள் கூறும் கடாரமும் அதுவே.

வந்த படை எந்தக் கப்பலில் வந்தது? அந்தக் கப்பல் எவ்வளவு நீளம்? எத்தனை பாய்மரம்? இந்தக் கேள்விகளை நானாக நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு சிறுமி என்னை நினைக்க வைத்தாள். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

நாலடிக் கப்பலும் ஒரு கேள்வியும்

ஓய்வு நேரத்தில் பழைய பாய்க்கப்பல்களின் சிறு மாதிரிகளைச் செய்வது என் பொழுதுபோக்கு. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள்; சிலர் பூச்செடி வளர்க்கிறார்கள்; நான் மரத்தையும் நூலையும் பசையையும் வைத்துக்கொண்டு மாலை நேரத்தைக் கழிக்கிறேன். வீட்டில் உள்ளவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இரண்டு மாதிரிகளைக் கொண்டுபோனேன். ஒன்று, ஆங்கிலேயர்களின் புகழ்பெற்ற ‘விக்டரி’ போர்க்கப்பல். மற்றொன்று, நானே கற்பனை செய்து கட்டிய சோழர் போர்க்கப்பல். நாலடி நீளம். மூன்று பாய்மரம். முகப்பில் வாயைப் பிளந்த புலி. பாயிலும் புலி. கூட்டம் முழுவதும் அதைச் சுற்றித்தான் நின்றது. பெரியவர்கள் சிலர் என் கையைப் பிடித்து, “நம்ம பெருமையைக் காட்டிட்டீங்க தம்பி” என்றார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

அப்போது பதினொரு வயது இருக்கும் ஒரு சிறுமி, கையில் பள்ளிக்கூட அடிமட்டத்தோடு வந்தாள். விக்டரிக்குப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த அட்டையைப் படித்தாள். ‘ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்ற அளவில் செய்யப்பட்டது’ என்று அதில் இருந்தது. பிறகு சோழர் கப்பலை அளந்தாள்.

“மாமா, இதுவும் அதே அளவுதானா?”

“ஆமாம்மா, ரெண்டும் ஒரே அளவுதான்” என்றேன், யோசிக்காமல்.

“அப்படின்னா நம்ம கப்பல் 384 அடி வருதே! விக்டரியைப்போல ரெண்டு மடங்கா? எந்தப் படத்தைப் பார்த்துச் செஞ்சீங்க?”

எந்தப் படத்தையும் பார்த்துச் செய்யவில்லை. மேசை நாலடி, கப்பலும் நாலடி. அவ்வளவுதான் கணக்கு. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பெரியவங்க சொல்லியிருக்காங்கம்மா” என்று மழுப்பினேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் நம்பிவிட்டாளே என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

எட்டில் ஓர் அங்குலம்

வாசகர்களே, மாதிரி என்பது பொம்மையல்ல. பொம்மை அழகாக இருந்தால் போதும். மாதிரிக்கு ஒரு சத்தியம் உண்டு. அந்தச் சத்தியத்தின் பெயர்தான் அளவுவிகிதம்.

ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்றால், உண்மைக் கப்பலில் ஓரடி நீளமுள்ளது மாதிரியில் எட்டில் ஓர் அங்குலமாகும். அதாவது தொண்ணூற்றாறில் ஒரு பங்கு. இந்த அளவில் ஐந்தேகால் அடி மாலுமி ஒருவன் பெரிய புளியங்கொட்டை உயரத்தில்தான் நிற்பான். விக்டரியின் பீரங்கித் தளம் 186 அடி. மாதிரியில் அது 23¼ அங்குலம். அந்தக் கப்பலில் பாய்களையும் மரங்களையும் கட்டி இழுக்கும் கயிறுகளை நீட்டினால் சுமார் 26 மைல் வரும் என்று சொல்வார்கள். என் மாதிரியில் அதை முழுவதும் கட்டுவதானால் 1,400 அடிக்கும் மேல் நூல் வேண்டும்! நான் அதில் பாதிகூடக் கட்டவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

கப்பலின் எல்லா உறுப்புகளும் இந்த ஒரே விகிதத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அடிமரம், வங்கு, பலகை, பாய்மரம், பருமல், சுக்கான், நங்கூரம் என்று எதுவும் தப்பக் கூடாது. நங்கூரம் அழகாக இருக்கிறதே என்று கொஞ்சம் பெரிதாகச் செய்துவிட்டால், கப்பல் சிறுத்துப் போகும். கயிறு தடித்துப்போனால் போர்க்கப்பல் மீன்பிடி தோணியாகிவிடும்.

பினாங்கிலே பிறந்த போர்க்கப்பல்

கண்காட்சி முடிந்த பிறகு, அளவு தெரிந்த கப்பல் ஒன்றையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று தேடினேன். தேடியது நம் பினாங்குக் கரையிலேயே அகப்பட்டது.

பினாங்கில் ஒரு முழுப் போர்க்கப்பல் கட்டப்பட்டது என்றால் நம்புவீர்களா? 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கால்வைத்து, அதற்கு ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்று பெயரிட்டார். 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தனி மாநிலமாக உயர்த்தியது. பினாங்கைப் பெரிய கடற்படைத் துறையாகவும் கப்பல் கட்டும் தளமாகவும் ஆக்கிவிடலாம் என்று அப்போது கனவு கண்டார்கள். அந்தக் கனவின் பயனாக 1809-இல் 36 பீரங்கிகள் கொண்ட ஒரு போர்க்கப்பல் இங்கே நீரில் இறக்கப்பட்டது. பெயர் ‘மலாக்கா’. பம்பாயில் கட்டப்பட்ட ‘சால்செட்’, ‘டோரிஸ்’ என்ற கப்பல்களும் அதே வகுப்பைச் சேர்ந்தவை. அந்த வகுப்பின் பீரங்கித் தளம் சுமார் 137 அடி.

கனவு நீடிக்கவில்லை. பினாங்கு கடற்படைத் தளமாகவே ஆகவில்லை. ‘மலாக்கா’வையும் 1816-இல் உடைத்துவிட்டார்கள். ஏழே ஆண்டு வாழ்வு! இன்று அந்தக் கப்பலின் ஒரு பலகைகூட நம் கடற்கரையில் இல்லை.

ஆனால் அதை மறுபடி செய்து பார்க்கலாம். எப்படி? பதினெட்டாம் நூற்றாண்டு முதற்கொண்டு ஆங்கிலக் கடற்படை தன் கப்பல்களின் வரைபடங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. இலண்டனின் கிரீனிச் பகுதியில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்கு வெட்டு ஆகிய மூன்றும் கிடைத்தால், இருநூறு ஆண்டுக்கு முந்தைய கப்பலை உங்கள் சமையலறை மேசையில் மறுபடி பிறக்கச் செய்யலாம். நம் பினாங்குக் கப்பல் எட்டில் ஓர் அங்குல அளவில் 17 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும்.

வரைபடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு கப்பலின் கதையைக் கேளுங்கள். ‘திருகோணமலை’ என்ற நம் தமிழ் ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதை ‘டிரிங்கோமலி’ என்பார்கள். பம்பாயில் பார்சிக் கப்பல் கட்டுநரான ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா அதைத் தேக்கு மரத்தில் கட்டினார். அதற்கான வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ‘ஜாவா’ என்ற கப்பலை, 1812 டிசம்பரில் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ வென்றது. வரைபடம் வந்து சேரவில்லை. மறுபடி அனுப்பும்வரை வேலை காத்துக் கிடந்தது. கடைசியில் 1817 அக்டோபர் 12-இல் அந்தக் கப்பல் நீரில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அது மிதந்துகொண்டிருக்கிறது. கைதேர்ந்த தச்சரும் நல்ல தேக்கும் இருந்தும், வரைபடம் வராததால் வேலை தாமதப்பட்டது, பார்த்தீர்களா?

எலும்பில் செய்த கப்பல்கள்

வரைபடம் இல்லாமல் அழகான கப்பல் செய்ய முடியாதா? முடியும். செய்தவர்களும் உண்டு.

நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சு வீரர்களை ஆங்கிலேயர்கள் பல ஆண்டுகள் சிறைமுகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். பொழுதுபோகாத கைதிகள், சாப்பாட்டில் கிடைத்த ஆட்டெலும்பையும் மாட்டெலும்பையும் சுத்தம் செய்து, சீவி, மெல்லிய தகடுகளாக்கி, போர்க்கப்பல்களைச் செய்தார்கள். கயிறுக்குத் தலைமுடியைக்கூடப் பயன்படுத்தினார்கள். அவற்றைச் சந்தையில் விற்று நாலு காசும் பார்த்தார்கள். இன்று அருங்காட்சியகங்களில் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன.

அந்தக் கைத்திறனைக் கண்டால் கண்ணீர் வரும். ஆனால் அடிமட்டத்தை வைத்தால் கதை வேறு. பாய்மரம் அளவுக்கு மேல் உயரமாக இருக்கும். பீரங்கிகள் பெருத்திருக்கும். முகப்புச் சிற்பம் கப்பலையே விழுங்கும். பாவம், அவர்களிடம் வரைபடம் ஏது? நினைவிலிருந்தும் ஆசையிலிருந்தும் செய்தார்கள். அந்தக் கப்பல்கள் அவர்கள் மனத்தைக் காட்டுகின்றன. கப்பலின் அளவைக் காட்டுவதில்லை.

என்னுடைய நாலடிச் சோழர் கப்பலும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைதிகள் தாங்கள் செய்ததை விற்றார்கள். நான் சரித்திரம் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். தவறு எங்கே என்று உங்களுக்கே தெரிகிறதல்லவா?

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தனி இன்பம் உண்டு. ஆனால் அதில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. மூன்றிலும் நான் விழுந்து எழுந்தவன்.

முதலாவது, விகிதம். கடையில் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கப்பல்கள் பலவும் பெட்டிக்குத் தக்கபடி சுருக்கப்பட்டவை. சின்னக் கப்பலும் பெரிய கப்பலும் ஒரே நீளத்தில் வந்துவிடும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் படிக்காமல் இரண்டை ஒன்றாக வைத்தால், வாத்தும் யானையும் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது, எங்கிருந்து எங்கே அளந்தது என்பது. விக்டரி 186 அடி என்றேன். அது பீரங்கித் தளத்தின் நீளம். முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து அளந்தால் 227 அடிக்கு மேல் வரும். இரண்டும் உண்மைதான். ஒரு கப்பலுக்கு இதையும் மற்றதற்கு அதையும் எடுத்துக்கொண்டால்தான் பொய்.

மூன்றாவதுதான் பெரிய பள்ளம். அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்பது. மலாக்காவுக்குச் சுற்றுலா போனவர்கள் ஆற்றங்கரையில் நிற்கும் ‘புளோர் டி லா மார்’ என்ற பெரிய கப்பலுக்குள் ஏறி இறங்கியிருப்பீர்கள். கடல்சார் அருங்காட்சியகமான அது, 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர்கள் கொள்ளைப் பொருளோடு திரும்பும்போது சுமாத்திரா அருகே மூழ்கிய கப்பலின் நினைவாகக் கட்டப்பட்டது. மூழ்கிய கப்பலின் வரைபடம் எதுவும் நம் கையில் இல்லை. அந்தக் காலத்துப் போர்த்துகீசியக் கப்பல்களைப் பற்றிய பொது அறிவைக் கொண்டு எழுப்பியது அது.

இன்னொன்று, சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல். பினாங்கில் பத்து மாவுங் கோயிலில் உள்ள பாறைச் சுவடு அவருடையது என்று சீன அன்பர்கள் நம்பி வணங்குகிறார்கள். 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள் நடந்தன. சீனச் சரித்திர நூலில் உள்ள கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் அவருடைய பெரிய கப்பல் 400 அடிக்கும் மேல் வரும். அவ்வளவு நீளமான மரக்கப்பல் கடலின் அலையில் முறுக்குண்டு பிளந்துவிடும் என்று பல அறிஞர்கள் ஏற்க மறுக்கிறார்கள். அவர்கள் சொல்லும் நீளம் 200, 250 அடி. ஒரு தரப்பை நம்பினால் மாதிரி நாலடியைத் தாண்டும். மறு தரப்பை நம்பினால் இரண்டு, இரண்டரை அடிதான். மாதிரி செய்கிறவர் யாரை நம்பினார் என்பதை அட்டையில் எழுதாவிட்டால், பார்க்கிறவர் ஏமாந்துபோவார்.

நம் கப்பலைப் பற்றி என்ன தெரியும்?

சரி, கடாரம் வந்த கப்பலுக்கு வருவோம். சோழர் போர்க்கப்பலின் வரைபடம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. இது சோழருடையது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க போர்க்கப்பலின் உடைசலும் கடலடியில் அகப்படவில்லை. கல்வெட்டு பல கப்பல்கள் சென்றதைச் சொல்கிறதே தவிர, நீள அகலத்தைச் சொல்லவில்லை. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் கையை விரித்துவிட வேண்டியதுதானா? இல்லை. சுற்றியுள்ள சாட்சிகளைக் கூப்பிடலாம்.

முதல் சாட்சி நம் மொழி. நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி, திமில் என்று எத்தனை பெயர்கள்! ஒரே மாதிரிக் கப்பல்தான் இருந்ததென்றால் இத்தனை பெயர் எதற்கு? சுமாத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது. கப்பல் தலைவன் முதலியோர் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது பேசுகிறது. போரில்லாத நாளிலும் நம்மவர் கப்பல்கள் இந்தக் கடலில் வழக்கமாக வந்துபோயின என்பதற்கு அது ஆதாரம்.

இரண்டாவது சாட்சி கல்லில் இருக்கிறது. பம்பாய் போரிவ்லி அருகே ஏக்சார் என்ற இடத்தில் சில வீரக்கற்கள் நிற்கின்றன. ஏறத்தாழ 11, 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கடற்போரில் மாண்டவர்களுக்காக எழுப்பிய அவற்றில், துடுப்புகள் வரிசையாக நீட்டிய போர்க்கலங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அது மேற்குக் கரை, சோழ நாடன்று. ஆனாலும் அந்தக் காலத்து இந்தியப் போர்க்கலம் துடுப்பாலும் பாயாலும் ஓடியது என்பதைக் கண்ணால் காட்டும் கல் அது.

மூன்றாவது சாட்சி இந்தக் கடலிலேயே மூழ்கிக் கிடந்தது. 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பலகைகளை ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய அராபியக் கப்பல் அது. அதைப் பார்த்து, ஓமான் நாட்டில் தென்னை நார்க் கயிற்றாலேயே தைத்து, சுமார் 18 மீட்டர் நீளத்தில் ‘மஸ்கட்டின் மாணிக்கம்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு கப்பலைக் கட்டினார்கள். 2010-இல் அது கொச்சி, காலி வழியாக வங்கக் கடலைக் கடந்து, நம் ஜார்ஜ் டவுனில் தங்கி, பிறகு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது.

நான்காவது சாட்சி சாவகத்தின் போரோபுதூர் கோயிற் சிற்பம். அதில் உள்ள கப்பலைப் பார்த்து, காங்கேயான் தீவுகளின் தச்சர்கள் 2003-இல் ஒரு கப்பல் கட்டினார்கள். அந்தத் தச்சர்கள் காகித வரைபடம் பார்த்து வேலை செய்கிறவர்கள் அல்லர். ஆகவே ஆஸ்திரேலியக் கப்பல் ஆய்வாளர் ஒருவர் இலேசான மரத்தில் சிறு மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தார். அந்த மாதிரியைப் பார்த்தே முழுக் கப்பலும் உருவானது! ‘சமுத்திர ரக்ஷா’ என்ற அந்தக் கப்பல் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டு 2004 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் கானாவை அடைந்தது. அதன் நீளம் 60 அடி. மாதிரி விளையாட்டு என்று முணுமுணுக்கிற வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஏழரை அங்குலம்

60 அடி என்றால் எட்டில் ஓர் அங்குலக் கணக்கில் எவ்வளவு? ஏழரை அங்குலம். விக்டரியின் பக்கத்தில் வைத்தால் தாய் வாத்தின் அருகே குஞ்சுபோல் இருக்கும்.

முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நாலடிப் புலிக்கப்பல் எங்கே, இந்த ஏழரை அங்குலம் எங்கே! பிறகு ஒருநாள் பெர்ரியில் பட்டர்வொர்த் போய்க்கொண்டிருந்தேன். மழைக்காற்று. அத்தனை பெரிய பெர்ரியே கொஞ்சம் ஆடியது. தெரிந்த கரையிலிருந்து தெரிந்த கரைக்குப் போகும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல், கரை தெரியாத கடலில், தென்னை நார்க் கயிற்றை நம்பி வந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். கப்பல் சிறியதென்றால் அதில் வந்தவன் சிறியவனா? கப்பல் சுருங்கச் சுருங்க மனிதன் அல்லவா வளர்கிறான்! அவர்களுக்குப் பெருமை சேர்க்க என்னுடைய பொய்யான நாலடி தேவையே இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய கப்பலைப் பிரித்தேன். அதன் மரத்திலேயே புதியதைச் செய்தேன். சாட்சி உள்ள பகுதிகளுக்கு எண்ணெய் பூசிக் கருமையாக்கினேன். ஊகமாக வைத்த பகுதிகளைச் சாயம் பூசாமல் வெள்ளை மரமாகவே விட்டேன். துடுப்பு வரிசை கருமை. ஏக்சார் கல் சாட்சி. பின்புறப் பக்கச் சுக்கான் கருமை, போரோபுதூர் சாட்சி. பாய்மரத்தின் எண்ணிக்கை வெள்ளை. முகப்பு வெள்ளை. நீளமும் ஊகம் என்பதால் அட்டையில் முதல் வரியிலேயே அதை எழுதிவிட்டேன். இப்போது பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “இது ஏன் வெள்ளையா இருக்கு?” என்பதுதான். அங்கிருந்து பேச்சு தொடங்கிவிடுகிறது.

நீங்களும் செய்யலாம்

இதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. வரைபடம் உள்ள ஒரு கப்பலில் தொடங்குங்கள். பிறகு ஊகத்துக்கு வரலாம். உடலுக்கு ஜெலுத்தோங் மரம் ஏற்றது. மென்மையானது; கத்திக்கு இணங்கும். ஒருகாலத்தில் அதன் பாலிலிருந்துதான் சூயிங்கம் செய்தார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ரப்பர் மரம் கையருகே கிடைக்கிறதே என்று பச்சையாக எடுத்துவிடாதீர்கள். பக்குவப்படுத்தாவிட்டால் முறுக்கிக்கொள்ளும், பூச்சியும் அரிக்கும்.

பாய்மரத்துக்குச் சத்தே குச்சி. பருமலுக்குத் தென்னை ஈர்க்கு. பாய்க்குப் பழைய வேட்டித் துணி. தேயிலைச் சாயத்தில் ஒருமுறை நனைத்தெடுத்தால் காற்றும் வெயிலும் பட்ட நிறம் வந்துவிடும். கயிறுக்குத் தையல் நூலை மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள், பிசிறு அடங்கும். கத்தி வேலையைப் பெரியவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். கப்பலின் உண்மையான நீளம் எவ்வளவு? அது எங்கிருந்து எங்கே அளந்தது? எப்படித் தெரியும்? மூன்றாவது வரிக்குப் பதில் இல்லையென்றால், ‘ஊகம்’ என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒரு கண்காட்சியும் பல இரவுகளும் தேவைப்பட்டன.

அந்தச் சிறுமியை நான் பிறகு பார்க்கவில்லை. இப்போது வளர்ந்திருப்பாள். இதழ் படிக்கும் வீடு ஒன்றில் அவள் இருந்தால், அன்று சொல்ல வேண்டிய பதிலை இன்று சொல்லிவிடுகிறேன்: “எந்தப் படத்தையும் பார்த்துச் செய்யலம்மா. நீ கேட்டது சரிதான்.”